பேங்காக் 4 நைட், 5 பேரு: ராத்திரி வெளிய சுத்துறது பத்தி ஒளிக்காம சொல்லுங்க

திருப்பூர்_தறி:
வணக்கம்ங்க. நாங்க அஞ்சு பேரு, எல்லாரும் பனியன் கம்பெனி வேலை, ஒருத்தனுக்கு தை மாசம் கல்யாணம், அதுக்குள்ள ஒரு ட்ரிப் அடிச்சுரலாம்னு பேங்காக் டிக்கெட் போட்டாச்சு. சென்னைல நைட்டு ஏறி காலைல 6 மணி வாக்குல சுவர்ணபூமில எறங்குறோம், 4 நைட், ரூம் சுகும்வித் ரோட்ல நானா ஸ்டேஷன் பக்கம். யூட்யூப்ல பாத்தா ஒருத்தன் சொர்க்கம்ங்கிறான், இன்னொருத்தன் பையில கைய விட்டா சட்டையும் போயிரும்ங்கிறான், நடுவுல உண்மை என்னன்னு சொல்ல ஆள் இல்ல. ஏர்போர்ட்ல இருந்து எப்படி போறது, காசு எப்படி மாத்துறது, அப்புறம் அந்த சோய் கவ்பாய், பட்போங்னு பார் தெருவுங்க சொல்றாங்களே, உள்ள போயி உக்காந்தா எவ்ளோ, எந்திரிச்சா எவ்ளோ, இதெல்லாம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. அஞ்சு பேர்ல ஒருத்தன் குடிக்க மாட்டான், இன்னொருத்தன் முட்டைய கூட தொடாத சைவம், அவன வச்சுத்தான் எனக்கு பெரிய கவலையே. ஒழுக்க கிளாஸ் மட்டும் வேண்டாம்ங்க, அத வீட்லயே எடுத்துட்டாங்க.

சிலோம்வாசி:
தம்பி, நான் இங்க பேங்காக்ல ரத்தினக் கல் வியாபாரத்துல ஒம்பது வருஷமா இருக்கேன், வர்ற சொந்தக்காரன் பூரா எங்கிட்டதான் இத கேப்பான், அதனால மொத்தமா எழுதிடறேன்.

கிளம்புறதுக்கு முன்னாடி டிஜிட்டல் அரைவல் கார்டு ஆன்லைன்ல போடணும், 2025 மே மாசத்துல இருந்து கட்டாயம், எறங்குறதுக்கு முந்தின 3 நாளுக்குள்ள போடலாம், காசு கெடையாது. காசு கேக்குற சைட் வந்தா அது டூப்ளிகேட்டு, கூகுள்ல மொதல்ல வர்றதே சில நேரம் அதுவாத்தான் இருக்கும், பாத்து. விசா விதி அடிக்கடி மாறுது, டிக்கெட் போட்டப்ப இருந்தது பறக்குறப்ப இருக்கும்னு நெனைக்காம எம்பசி சைட்ல ஒருவாட்டி பாத்துருங்க. ரிட்டர்ன் டிக்கெட், ஹோட்டல் புக்கிங் ரெண்டையும் பேப்பர்ல வச்சுக்கோங்க, அஞ்சு பசங்க ஒண்ணா வந்தா கேக்கத்தான் செய்வாங்க.

ஏர்போர்ட்டுக்கு அடியிலேயே ட்ரெயின் இருக்கு. ஏர்போர்ட் ரெயில் லிங்க்ல ஏறி மக்கசான்ல எறங்கி, மேல நடைபாதை வழியா நடந்து பெட்சபுரி மெட்ரோ, அங்கருந்து ஒரே ஒரு ஸ்டாப் சுகும்வித், அங்க மாடில ஏறுனா அசோக் பி.டி.எஸ் (மேம்பாலத்துல ஓடுற ட்ரெயின்), அடுத்த ஸ்டேஷன் நானா. பெட்டி பெருசா இருந்தா டாக்ஸி எடுங்க, கீழ கிரவுண்ட் ஃப்ளோர்ல மெஷின் ஒரு சீட்டு குடுக்கும், அந்த சீட்ட டிரைவர்ட்ட குடுத்துராதீங்க, வண்டி நம்பர் அதுலதான் இருக்கும். மீட்டர் 35 பாத்ல (பாத்ங்கிறது இந்த ஊரு காசு) ஆரம்பிக்கும், ஏர்போர்ட் சார்ஜ் 50, டோல் நம்ம தலையில. ஆனா அஞ்சு பேரும் பெட்டியும் ஒரு கார்ல ஏறாது, ரெண்டு வண்டி ஆகும், அதுக்கு ட்ரெயினே மேல். காலைல 6 மணிக்கு எறங்கிட்டு ரூம் மத்தியானம் 2 மணிக்குத்தான் குடுப்பான், பெட்டிய ரிசப்ஷன்ல போட்டுட்டு கெளம்பிருங்க.

காசு: நம்ம ஊரு ஜிபேய நம்பி வராதீங்க. ரோட்டுக் கடைல க்யூஆர் ஒட்டியிருப்பான், அது பெரும்பாலும் இந்த ஊரு பேங்க் அக்கவுண்ட் உள்ளவனுக்குத்தான். பெரும்பாலான ஏடிஎம்ல ஒவ்வொரு தடவை எடுக்குறப்பவும் 220 பாத்துக்கு கம்மியில்லாம புடுங்குவான், அதனால அஞ்சு பேரும் தனித்தனியா கொஞ்சம் கொஞ்சமா எடுக்காதீங்க. மெஷின் உங்க ஊரு பணத்துல கணக்கு போடட்டுமானு கேக்கும், வேண்டாம்னு அமுக்குங்க, அதுலயும் ஒரு கடி இருக்கு. டாலர் கொண்டாந்தீங்கன்னா ஏர்போர்ட் வாசல்லயே மாத்தாம ஊருக்குள்ள சூப்பர்ரிச் மாதிரி கவுண்ட்டர்ல மாத்துங்க.

இப்ப என் தொழில் பத்தி. கிராண்ட் பேலஸ் வாசல்ல டீசண்டா சட்டை போட்ட ஒரு ஆளு வந்து "இன்னிக்கு மூடியிருக்கு, பூஜை, மத்தியானம்தான் தொறப்பாங்க, அதுக்குள்ள 20 பாத்துக்கு துக்துக்ல நாலு கோயில் காட்டுறேன்"ம்பான். மூடவே இல்ல, உள்ள கூட்டம் நிக்கும். 20 பாத்துக்கு நாலு கோயில் எவனாலயும் காட்ட முடியாது, பெட்ரோலுக்கே காணாது. ரெண்டாவது நிறுத்தம் ஒரு நகைக்கடை, "இன்னிக்கு ஒருநாள்தான் கவர்மெண்ட் ஆஃபர், ஊர்ல வித்தா டபுள்"னு நீலக்கல்லு காட்டுவான். கல்லு பெரும்பாலும் நெசம்தான் தம்பி, அதுதான் இதுல தந்திரமே, வெலைதான் அஞ்சாறு மடங்கு. வித்தா டபுள் வரும்னா அவன் எதுக்கு உங்கிட்ட விக்கிறான், அவனே விமானம் ஏறி போயி விப்பானே. வருஷத்துக்கு ரெண்டு பேராவது அந்தக் கல்ல தூக்கிட்டு என் ஆபீஸ்ல வந்து நிக்கிறாங்க, நான் லென்ஸ வச்சு பாத்துட்டு வெலைய சொல்றதுக்குள்ள அவங்க மொகத்த பாக்க முடியாது.

ராத்திரி சமாச்சாரம் தனியா எழுதறேன், இப்ப கஸ்டமர் வந்துட்டான்.

பழைய_பாஸ்போர்ட்:
அண்ணன் வர்றதுக்குள்ள ஒரே ஒரு விஷயம். பார்ல கவுண்ட்டருக்கு மேல ஒரு பித்தளை மணி தொங்கும், அத எக்காரணம் கொண்டும் தொடாதீங்க.

நாங்க ஆறு பேரு போனப்ப எங்கூட வந்தவன் ஒருத்தன், பேரு வேண்டாம், இப்ப ரெண்டு புள்ளைக்கு அப்பன், அவன் ஏதோ கோயில்ல நிக்கிற நெனப்புல கயித்த புடிச்சு டங்குனு ஒரு இழு இழுத்துட்டான். பார் பூரா கைதட்டு, பாட்ட நிறுத்திட்டாங்க, ஒரு பொண்ணு ஓடிவந்து இவன் கழுத்துல மாலைய போடுது, இவனும் பெரிய மனுஷனாட்டம் கும்புடு போடுறான். எங்களுக்கு ஒண்ணும் புரியல. பத்து நிமிஷம் கழிச்சு பக்கத்துல இருந்த வெள்ளக்கார தாத்தா கிளாஸ தூக்கி தேங்க்ஸ் சொன்னப்பத்தான் வெளங்குச்சு, மணி அடிச்சா அங்க இருக்க எல்லாருக்கும், வேலை செய்றவங்களயும் சேத்து, ஒரு ரவுண்டு நம்ம கணக்கு. எண்ணிப் பாத்தோம், நாப்பத்தி மூணு தலை. மறுநாள் படகு சவாரி, சஃபாரி எல்லாம் கேன்சல், அவன் மட்டும் ரூம்லயே நூடுல்ஸ் தின்னான். பார்காரன் மேல குத்தமே இல்ல, சுவத்துல போர்டு இருந்துச்சு, நாங்கதான் பாக்கல.

சிலோம்வாசி:
ஹாஹா, மணி அடிச்சவங்க கதை மட்டும் எங்கிட்ட நாலு இருக்கு.

சரி வர்றேன். சோய்னா சந்து. சோய் கவ்பாய், அசோக் ஸ்டேஷன்ல இருந்து எறங்குனா அஞ்சு நிமிஷ நடை, ஒரே ஒரு சின்ன சந்து, ரெண்டு பக்கமும் நியான் லைட். 1977 வாக்குல கவ்பாய் தொப்பி போட்ட ஒரு அமெரிக்க ஏர்ஃபோர்ஸ் காரர் அங்க பார் வச்சாரு, அந்த பேருதான் சந்துக்கே நின்னுபோச்சு. நானா பிளாசா சோய் 4ல, மூணு மாடி, U மாதிரி கட்டடம், உங்க ரூம்ல இருந்து நடந்தே போயிரலாம். ரெண்டு எடத்துலயும் பெரும்பாலான பாருக்கு உள்ள நுழைய காசு கெடையாது. உக்காந்தா ஒரு ட்ரிங்க் வாங்கணும், அவ்ளோதான் சட்டம். பீர் ஒண்ணு 200 பாத் சுத்தி வரும், குடிக்காத பையனுக்கு கோக் வாங்குனாலும் கிட்டத்தட்ட அதே வெலைதான், அதுக்கு சண்ட போடாதீங்க, அது நாற்காலி வாடகைனு வச்சுக்கோங்க. ஒவ்வொரு ட்ரிங்க்குக்கும் பில்லு சீட்ட உங்க முன்னாடி ஒரு சின்ன குவளைல சுருட்டி வைப்பாங்க. அந்த குவளைய அப்பப்ப எடுத்து விரிச்சு பாருங்க, யாரும் தப்பா நெனைக்க மாட்டாங்க. கிளம்புறப்ப "செக் பின்"னு சொன்னா போதும், பில்லத்தான் அப்படி சொல்றாங்க.

ஒரு பொண்ணு பக்கத்துல வந்து உக்காந்து பேசுனா, அவங்களுக்கு ஒரு ட்ரிங்க் வாங்கித் தரச் சொல்லி கேப்பாங்க, லேடி ட்ரிங்க்னு பேரு, உங்க பீர விட கொஞ்சம் ஜாஸ்தி, அதுல ஒரு பங்கு அவங்களுக்கு கமிஷன். வேண்டாம்னா சிரிச்சுட்டு வேண்டாம்னு சொல்லிடுங்க, எந்திரிச்சு போயிருவாங்க. வாங்கித் தரேன்னு அரைமணி நேரம் பேச வச்சுட்டு வாங்காம விடுறது அசிங்கம், நம்மாளுங்க அத நெறைய பண்றாங்க. பார் ஃபைன்னா, வேலை நேரத்துல அவங்க வெளிய வர்றதுக்கு பாருக்கு கட்டுற காசு, அதுக்கு மேல என்னங்கிறது ரெண்டு பேருக்குள்ள பேச்சு. ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க, விபச்சாரம் இந்த நாட்டுல 1996 சட்டப்படி குத்தம்தான், கண்டுக்காம நடக்குதுங்கிறது வேற, அனுமதிங்கிறது வேற. ரூமுக்கு யார கூட்டி வந்தாலும் ஹோட்டல் ரிசப்ஷன்ல அவங்க ஐடி கார்ட வாங்கி வச்சுப்பாங்க, சில ஹோட்டல்ல தனி சார்ஜும் உண்டு, ஐடி காட்டாத ஆள்னா அங்கேயே நிறுத்திருங்க, வயசு விஷயத்துல சந்தேகம்னு ஒரு துளி இருந்தாலும் வேண்டவே வேண்டாம், அது வாழ்க்கையே போற கேஸு. பாதுகாப்பு உறை பத்தி நான் சொல்லத் தேவையில்ல, எந்த செவன் இலெவன்லயும் கவுண்ட்டர்லயே இருக்கு.

பட்போங்தான் பாத்து நடக்க வேண்டிய எடம். சலா தேங் ஸ்டேஷன் பக்கம், தெருவுல ராத்திரி கடை போட்டிருப்பாங்க, கீழ இருக்க பார்ல பெரிய பிரச்சனை இல்ல. கடை நடுவுல ஒருத்தன் லேமினேட் பண்ண அட்டைய மூஞ்சிக்கு நேரா நீட்டுவான், ஷோ பேரா வரிசையா எழுதியிருக்கும், "பீர் 100, உள்ள ஃப்ரீ"ம்பான், மாடிக்கு கூட்டிப் போவான். உள்ள ஷோனு ஒண்ணும் பெருசா இருக்காது, கிளம்புறப்ப பில்லு ஆயிரக்கணக்குல வரும், கேட்டா ஷோவுக்கு தலைக்கு இவ்ளோம்பான், கதவுல ரெண்டு தடியன் நிப்பான். அப்படி மாட்டுனா கத்தாதீங்க, அடிக்க போகாதீங்க, 1155னு டூரிஸ்ட் போலீஸ் நம்பர் இருக்கு, இங்கிலீஷ்ல பேசுவாங்க, போன எடுத்து அவன் பாக்குற மாதிரி டயல் பண்ணுங்க. அட்டை காட்டுறவன் பின்னாடி மாடி ஏறாம இருந்தா இது எதுவுமே தேவையில்ல.

திருப்பூர்_தறி:
அண்ணே ரொம்ப நன்றிங்ணா, இத பிரிண்ட் போட்டு அஞ்சு பேருக்கும் குடுக்கப் போறேன். இன்னும் ரெண்டு மூணு சந்தேகம். பாஸ்போர்ட்ட கையிலயே வச்சுட்டு சுத்தணுமா? எத்தன மணிக்கு மூடுவாங்க? எங்கள்ல ஒருத்தன் வேப் புடிப்பான், அங்க கஞ்சா கூட கடைலயே விக்கிதாம்ல, அதயும் கேக்கச் சொல்றான் (நான் இல்லீங்க).

சிலோம்வாசி:
வேப்ப ஊர்லயே வச்சுட்டு வரச் சொல்லுங்க. இங்க தடை, கொண்டு வர்றதே குத்தம், அசோக் பக்கம் ராத்திரி போலீஸ் நிறுத்தி பைய பாப்பாங்க. ரோட்ல விக்கிறானேனு கேப்பான், விக்கிறவன் ஓடிருவான், நீங்க மாட்டுவீங்க. நம்ம ஊர்லயும் 2019ல இருந்து தடைதானே, புதுசா கேக்குற மாதிரி கேக்குறான்.

கஞ்சாவ 2022 ஜூன்ல போதைப்பொருள் லிஸ்ட்ல இருந்து எடுத்தாங்க, தெருவுக்கு தெரு பச்ச லைட் போட்ட கடை வந்துச்சு, 2025 ஜூன்ல திருப்பி டாக்டர் சீட்டு இருந்தாத்தான்னு இறுக்கிட்டாங்க. இங்க என்ன ஆகுதுங்கிறத விடுங்க, சென்னை ஏர்போர்ட் கஸ்டம்ஸ் பேங்காக் ஃபிளைட்டுனாலே மோந்து பாக்குறாங்க, இங்கருந்து ஹைட்ரோபோனிக் கஞ்சா கடத்தி வந்து மாட்டுன செய்தி பேப்பர்ல சும்மா சும்மா வருது. யாராவது பாசமா பேசி "சென்னைல என் தம்பி வருவான், இந்த பிஸ்கட் டப்பாவ மட்டும் குடுத்துருங்க"ன்னா, பல்லி மேல விழுந்த மாதிரி ஒதறிட்டு வந்துருங்க.

நேரம்: பொதுவா 2 மணி, லைசன்ஸ் உள்ள எடங்களுக்கு 2023 டிசம்பர்ல இருந்து 4 மணி வரைக்கும் அனுமதி. ஆனா செவன் இலெவன்ல ராத்திரி 12க்கு மேல பீர் வாங்க முடியாது, பில்லு போட மெஷினே ஒத்துக்காது, அந்த கேஷியர் பொண்ண திட்டி பிரயோஜனம் இல்ல. பி.டி.எஸ்ஸும் 12 வாக்குல நின்னுரும், அதுக்கப்புறம் கிராப் இல்லனா போல்ட் ஆப்ல புக் பண்ணுங்க, பார் வாசல்ல நிக்கிற துக்துக் பக்கத்து தெருவுக்கே 300 கேப்பான்.

கிளப்புல 20 வயசு ஆயிருக்கணும், சோய் 11, ஆர்சிஏ (ராயல் சிட்டி அவென்யூ) பக்கமெல்லாம் ஒரிஜினல் பாஸ்போர்ட் கேக்குற எடம் இருக்கு. கிளப் போற அன்னிக்கு மட்டும் முன்பாக்கெட்ல வச்சுக்கோங்க, மத்த நாள் லாக்கர்ல பூட்டிட்டு போட்டோவும் ஜெராக்ஸும் போதும். செருப்பு, ஷார்ட்ஸ் போட்டா மாடி பார்ல உள்ள விடமாட்டான். கொஞ்சம் வருத்தமான விஷயம், அஞ்சாறு இந்தியப் பசங்க கும்பலா வந்தா சில எடத்துல மொகம் சுழிப்பாங்க. தப்புதான், ஆனா ஆறு பேருக்கு ரெண்டு பீர வாங்கி மூணு மணி நேரம் மேடைய மொறச்சுட்டு இருந்த கூட்டத்த நானே பாத்துருக்கேன்.

மல்லி_மதுரை:
நான் போன வருஷம் வீட்டுக்காரரோட போயிருந்தேன், சோய் கவ்பாய்க்கும் போனோம், ஏன்னா அந்த தெரு அசோக் ஸ்டேஷன்ல இருந்து குறுக்கு வழி. பொம்பளைங்க போகக்கூடாதுனு ஒண்ணும் இல்ல, வெளிய போட்ட ஸ்டூல்ல உக்காந்து ஜூஸ் குடிச்சோம், ஒரு அம்மா வறுத்த வண்டு வித்துட்டு போனாங்க, எங்க வீட்டுக்காரர் ஒண்ணு எடுத்து தின்னுட்டு ரெண்டு நாளா எனக்கு வெவரிச்சாரு, முறுக்கு மாதிரிதான் இருக்காம்.

நான் சொல்ல வந்தது வேற. எங்களுக்கு எதிர்த்தாப்ல ஒரு பையன், நம்ம பாஷதான் பேசுனான், வாசல்ல நின்ன பொண்ணுங்கள போன்ல வீடியோ எடுத்துக்கிட்டே கமெண்ட் அடிச்சான், யாருக்கும் புரியாதுங்கிற தைரியம். ஒரு பொண்ணு கையால மொகத்த மூடிக்கிட்டு திரும்பி நின்னுச்சு. செக்யூரிட்டி வந்து போன வாங்கி ஒவ்வொண்ணா அழிக்க வச்சாரு. அப்புறம் அந்த பொண்ணு எங்க பக்கத்துல வந்து உக்காந்துச்சு, கூகுள் ட்ரான்ஸ்லேட்ல பேசுனோம், ஊரு ஈசான் பக்கமாம், வடகிழக்கு, நெல்லு வெளையுற ஊரு, புள்ளைய அம்மாட்ட விட்டுட்டு வந்திருக்காம், அந்த புள்ள படம் எங்க அம்மா வீட்ல இருக்க படம் மாதிரியே ஸ்கூல் யூனிஃபார்ம்ல இருந்துச்சு. ஊர்ல யாருக்கும் தெரியாது, ஹோட்டல்ல வேலைனு சொல்லியிருக்குதாம். இதுக்கப்புறம் அந்த வீடியோ எங்கயாவது போயி நின்னா அந்த பொண்ணு கதி என்ன? தம்பி நீங்க கிளாஸ் வேண்டாம்னு சொல்லிட்டீங்க, அதனால இதோட நிறுத்திக்கிறேன். போன மட்டும் உள்ள வச்சுருங்க.

அப்புறம் பொண்ணா பையனானு சத்தம் போட்டு கேட்டு சிரிக்கிறதும் வேண்டாம், அங்க திருநங்கைங்க மேக்கப் கடைல, ஹோட்டல் ரிசப்ஷன்ல, எல்லா எடத்துலயும் சாதாரணமா வேலை பாக்குறாங்க.

கடலோரம்77:
மசாஜ் பத்தி யாரும் சொல்லலையே. கண்ணாடி வழியா உள்ள சேர்ல ஆளுங்க கால நீட்டி உக்காந்திருக்கது தெரிஞ்சா அது நெசமான மசாஜ், வெலை போர்டு வெளியவே இருக்கும், கால் மசாஜ் ஒரு மணி நேரம் 300 பாத் வாக்குல. கண்ணாடில ஸ்டிக்கர் ஒட்டி, வாசல்ல நாலு பேரு ஒரே கலர் கவுன்ல உக்காந்து கூப்ட்டா அது வேற. எத நெனச்சு எங்க போறோம்ங்கிற தெளிவு இருந்தா ரெண்டு பக்கமும் சங்கடம் இல்ல. வாட் போ கோயில் உள்ளயே மசாஜ் பள்ளிக்கூடம் இருக்கு, முதுகு வலிக்காரங்க அங்க போங்க, அந்தம்மா முழங்கைய வச்சு ஒரு அழுத்து அழுத்துனாங்க, எனக்கு எஸ்எஸ்எல்சி மார்க் எல்லாம் ஞாபகம் வந்துச்சு.

பட்டாயா போறதா இருந்தா எக்கமாய் பஸ் ஸ்டாண்ட்ல இருந்து பஸ், ரெண்டு ரெண்டரை மணி நேரம். ஜெட் ஸ்கி எடுத்தா ஏறுறதுக்கு முன்னாடி சுத்திச் சுத்தி வீடியோ எடுங்க, அடியில குனிஞ்சும் எடுங்க, எறங்குனதும் பழைய கீறலுக்கு நம்மகிட்ட காசு கேக்குறது அங்க ரொம்ப காலமா நடக்குது. எங்க கும்பல்ல ஒருத்தன் எடுக்கல, அழுதுட்டே 8000 பாத் குடுத்தான்.

திருப்பூர்_தறி:
எல்லாருக்கும் நன்றிங்க. மல்லி அக்கா, போன் உள்ளதான் இருக்கும், நான் பாத்துக்கறேன். கடைசியா ஒண்ணே ஒண்ணு, அந்த சைவப் பையன் என்னங்க பண்ணுவான்? இப்பவே புளிசாதம் 4 நாளைக்கு கட்டிக்கறேன்ங்கிறான்.

சிலோம்வாசி:
புளிசாதம் ஒருநாள் தாங்கும், இங்க வெக்கைல மறுநாள் பைய தொறக்க முடியாது. மஞ்ச கொடில செவப்பு எழுத்துல ஒரு குறி போட்ட கடை இருக்கும், பாக்க 17 மாதிரியே இருக்கும், அதுக்கு "ஜே"னு சொல்லுவாங்க, அங்க கறி மீனு முட்டை பாலு மட்டுமில்ல, பூண்டு வெங்காயம் கூட கெடையாது, உங்க பையனே மலைச்சுப் போவான். மத்த கடைல வெறும் வெஜிடபிள்னு சொன்னா பத்தாது, மீன் சாஸ் ஊத்திருவான், "மாய் சாய் நாம் ப்ளா"னு சொல்லச் சொல்லுங்க, மீன் சாஸ் போடாதேன்னு அர்த்தம்.

அதுவும் ஒத்து வரலைனா ஒருநாள் சாயங்காலம் சிலோம் ரோட்டுக்கு கூட்டி வாங்க, பான் ரோடு முக்குல நம்ம மாரியம்மன் கோயில் இருக்கு, 1879 வாக்குல நம்ம ஊரு ஆளுங்க கட்டுனது, வாட் கேக்னு சொன்னாத்தான் டாக்ஸிக்காரனுக்கு தெரியும். தாய்க்காரங்கதான் கூட்டமா நின்னு சூடம் எடுத்து ஒத்திக்கிட்டு இருப்பாங்க. செருப்ப கழட்டிட்டு உள்ள போகணும், போட்டோ எடுக்க விடமாட்டாங்க. அந்தப் பக்கமே தோசை கெடைக்கிற கடை ரெண்டு மூணு இருக்கு, வெலை மட்டும் பாத்துட்டு மாரடைப்பு வராம இருக்கணும். வர்றதுக்கு முந்தின நாள் இங்கேயே எழுதுங்க, நான் ஊர்ல இருந்தா எந்த கடைனு சொல்றேன்.

பழைய_பாஸ்போர்ட்:
அந்த கோயில்ல மட்டும் மணிய எவ்ளோ வேணா அடிச்சுக்கலாம்.